நாய், பூனை, ஆடு, மாடு உள்ள வீட்டில் கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று முதலில் சாப்பிடுவது எங்கள் மாடு செவலைதான். நடுராத்திரிப் பூசை முடிந்து தேவகோட்டையிலிருந்து வீடு வந்து சேர ரெண்டு மணி ஆகிவிடும். அப்பத்தா இருந்தவரைக்கும் புதுச்சேலையைக்கூட மாற்றாமல் நேரே கொல்லைக்குப் போய் ஒரு கட்டு அகத்திக்கீரையைத் தொட்டியில் போடுவார், அப்புறம் ஆட்டுக்கு, அப்புறம் நாய்க்கு, கோழிகள் தூங்கிக்கொண்டிருக்கும் என்பதால் அவற்றுக்கு மட்டும் விடிந்த பிறகு. இவ்வளவும் முடிந்துதான் எங்களுக்குக் கேக்கும் காப்பியும். கேட்டால், "குடில்ல முதல்ல இருந்தது யாரு? மாடும் கழுதையுந்தானே, இடையருங்களே பின்னாடிதான வந்தாங்க" என்பார். இப்போது அம்மா அதைச் செய்கிறார். செவலையும் அப்பத்தா காலத்துச் செவலை இல்லை, அதன் பேத்தி.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் நம்மில் பாதிப் பேர் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறோம், டிசம்பர் கடைசி வாரம் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எல்லாரும் ஒரே வீட்டில் வந்து இறங்குகிறோம். நமக்குச் சந்தோஷம். அந்த வீட்டு ஜீவன்களுக்கோ வருஷத்திலேயே கஷ்டமான வாரம் அதுதான்: தெரியாத ஆட்கள், ராத்திரி முழுக்க வெளிச்சம், வெடிச் சத்தம், எண்ணெயும் மசாலாவுமாகக் கிடைக்கிற சாப்பாடு. அவற்றையும் சேர்த்துக்கொண்டு திருநாளைக் கொண்டாட எங்கள் வீட்டில் என்னென்ன செய்கிறோம் என்று எழுதுகிறேன், உங்கள் வீட்டுக்கு ஒத்து வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குடில், அதாவது இயேசு பிறந்த தொழுவத்தை வீட்டில் ஜோடித்து வைப்பது. லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி இருக்கிறது, ஆனால் மாடும் கழுதையும் இல்லை, தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். அவை வந்தது எசாயா முதல் அதிகாரத்திலிருந்து. காளைக்குத் தன் உடையவனைத் தெரியும், கழுதைக்குத் தனக்குத் தீனி போடுகிற இடம் தெரியும், என் மக்களுக்குத்தான் தெரியவில்லை என்று கடவுள் மனம் நொந்து சொல்கிற இடம் அது. 1223-ஆம் வருஷம் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் கொண்டுவந்து நிறுத்தினார், வைக்கோலைப் பரப்பி அதன் முன்னால் பூசை நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வீட்டிலிருக்கும் ஒவ்வொரு ஜீவனையும் ஒவ்வொரு பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். பெரியவனுக்கு மாடு, அடுத்தவளுக்கு ஆடு, நண்டும் சிண்டுமாக இருப்பவர்களுக்குக் கோழியின் தண்ணீர்க் கிண்ணம். நான்கு வாரத்துக்கு அதுதான் அவர்களுடைய ஒறுத்தல். என் தங்கை மகன் முதல் வாரம் முணுமுணுத்துக்கொண்டே செய்தான், மூன்றாவது வாரம் நான் தண்ணீர் ஊற்றப் போனால் "அது என் வேலை" என்று சொம்பைப் பிடுங்கிக்கொண்டான்.

குடிலுக்குப் புல் வளர்ப்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, முளைப்பாரி போட்டுப் பழகிய கைகள். கேழ்வரகையோ நெல்லையோ ஒரு ராத்திரி ஊறவைத்து, தட்டில் மண்ணும் காய்ந்த எருவும் கலந்து பரப்பி, அதன்மேல் நெருக்கமாகத் தூவி, காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தால் பத்து நாளில் நின்று ஆடும். முளைப்பாரியை இருட்டில் வைப்போம், இதை வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள், அப்போதுதான் பச்சையாக வரும். ஆட்டுக்கும் கோழிக்கும் எட்டாத உயரம் முக்கியம். எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு தட்டு போடுவோம், ஒன்று குடிலுக்கு, இன்னொன்று ஆட்டுக்கு. 24-ஆம் தேதி சாயங்காலம் குடிலில் புல் ஏறும் அதே நேரம் ஆட்டுக்கும் அதன் தட்டு இறங்கும்.

பனி என்று சொல்லிப் பஞ்சைப் பிய்த்துப் போடுவதை விட்டுவிடுங்கள். செட்டிநாட்டில் யார் அந்தப் பனியைப் பார்த்தோம்? பூனைக்குட்டி அந்தப் பஞ்சை விழுங்கும். அதைவிட மோசம் ஜிகினாச் சரம். பூனையின் நாக்கு சொரசொரப்பாக உள்நோக்கி இருப்பதால் வாயில் மாட்டிய நூலைத் துப்பத் தெரியாமல் விழுங்கிக்கொண்டே போகும், அது குடலில் சுற்றி அறுத்துவிடும், ஆபரேஷன் வரை போகும். வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தொங்கினால் நீங்கள் இழுக்கவே கூடாது, அப்படியே டாக்டரிடம் கொண்டு போகவேண்டும். ஜிகினாவுக்குப் பதில் பனையோலையில் நட்சத்திரம் முடையுங்கள், கிறிஸ்துமஸ் மரத்துக்குச் சவுக்குக் கிளை இருக்கவே இருக்கிறது. சீரியல் செட் வயரை நாய்க்குட்டி கடிக்கும், தரையில் ஓடவிடாமல் ஆணியடித்து மேலே கொண்டு போங்கள், தூங்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். குழந்தை இயேசுவை 24 நடுராத்திரி வரை வைக்காமல் தொட்டியைக் காலியாக விடுவோம் அல்லவா, அந்த நாட்களில் பிள்ளைகள் களிமண்ணில் தங்கள் வீட்டு ஜீவன்களையே செய்து குடிலில் நிறுத்தட்டும். எங்கள் குடிலில் ஒட்டகத்துக்குப் பக்கத்தில் ஒரு காது மடங்கிய நாட்டு நாய் நிற்கும். ஜிம்மிதான். காது மடங்கியதும் அச்சு அசலாக வந்திருக்கும்.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் வரும் ராத்திரி ஒரு விஷயம். மேளமும் கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியுமாகத் திடீரென்று வாசலில் இருபது பேர் வந்து நின்றால் எந்த நாயும் மிரளும், மிரண்ட நாய் கடிக்கும். முகமூடி போடுகிற பையனை முந்தின நாளே வெறும் முகத்தோடு வந்து நாய்க்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், கேரல் சமயத்தில் நாயைப் பின்கட்டில் கட்டுங்கள். வெறிநாய்க்கடி ஊசி வருஷா வருஷம் போட வேண்டியது, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து இறங்குவதற்கு முன்பே போட்டிருக்கிறதா என்று அட்டையை எடுத்துப் பார்த்துவிடுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நாயையும் தூங்குகிற நாயையும் தொடக்கூடாது என்று வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லவேண்டும்.

இப்போது சமையல். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் சமையலே வெங்காயமும் பூண்டும்தான்.

நாய்க்கும் பூனைக்கும் வெங்காயம், பூண்டு இரண்டும் ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. உரிக்கிறபோது கண் எரிகிற அளவுக்குச் சின்ன வெங்காயம் விழுகிற கோழிக் குழம்பை, "அதுவும் திருநாள் கொண்டாடட்டும்" என்று சோற்றில் பிசைந்து நாய்க்கு வைப்பது பாசம்தான், ஆனால் அது உடம்புக்குக் கேடு. அப்பத்தா செய்தது இது: நாட்டுக்கோழியை அறுத்துச் சுத்தம் செய்து துண்டு போட்டதும், மஞ்சள் தடவுவதற்கும் முன்னால், ஈரலில் பாதியும் எலும்பில்லாத நாலைந்து துண்டும் தனியாக ஒரு சின்னச் சட்டியில் எடுத்து, உப்புகூடப் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைப்பார். அது வெந்து நுரை அடங்குகிற நேரத்துக்குத்தான் பெரிய சட்டியில் நல்லெண்ணெய் காயும், கல்பாசியும் சோம்பும் பட்டையும் விழும். "கல்பாசி விழுறதுக்குள்ள அதுக்கு எடுத்து வச்சிரு" என்பது எங்கள் வீட்டில் எல்லா விசேஷத்துக்கும் பொதுவான பேச்சு. அந்த வேகவைத்த கறியைச் சோற்றோடு பிசைந்து ஆறவைத்துக் கொடுத்தால் போதும், நாய்க்குத் திருநாள்தான். வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம், அது ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். ஆட்டுக்கொழுப்பையும் தனியாக அள்ளிப் போடாதீர்கள், கணையம் வீங்கி வாந்தியெடுக்கும். வெள்ளைப் பணியாரம், சீப்பு சீடை, முறுக்கெல்லாம் ஒரு துண்டு விழுந்தால் பதற வேண்டாம், தட்டோடு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேக் வேறு கதை. பிளம் கேக்கில் இருக்கிற உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், எவ்வளவு தின்றால் கெடும் என்று அளவு சொல்லமுடியாது, கொஞ்சமே சில நாய்களுக்கு அதிகம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்தைப் படபடக்க வைக்கும், கறுப்பாக இருக்கிற சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். எனக்கு இது தெரியாத ஒரு வருஷம், எல்லாரும் கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் முகப்பு மேசையில் கேக்கை மூடாமல் வைத்துவிட்டோம். திரும்பி வந்தபோது காகிதம் மட்டும் கிடந்தது. பெட்டிக்கடியில் ஜிம்மி நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது, தொட்டால் உடம்பு நடுங்கியது. ராத்திரி மூன்று மணி, எந்த டாக்டர் நம்பரும் கையில் இல்லை, தெரிந்த ஓரிடத்துக்கு அடித்தால் யாரும் எடுக்கவில்லை, கடைசியில் காலையில் காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தது. அந்த ராத்திரி முழுக்கத் தங்கை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு டிசம்பர் பிறந்ததும் நாங்கள் செய்கிற முதல் வேலை, திருநாள் அன்று வருவாரா என்று மாட்டு டாக்டரிடம் கேட்டு அவர் நம்பரைக் காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவது. கால்நடை மருந்தகத்துக்கு 25 விடுமுறை. கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். திராட்சையோ சாக்லேட்டோ தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே போன் பண்ணுங்கள், உப்புத்தண்ணீர் கரைத்து ஊற்றாதீர்கள், அது தனியாக ஒரு விஷம்.

வெடி. 2018-ல் உச்ச நீதிமன்றம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளில் 11.55-லிருந்து 12.30 வரைக்கும்தான் வெடிக்கலாம் என்று நேரம் வகுத்தது, ஊரில் யார் அதைப் பார்த்து வெடிக்கிறார்கள் என்பது வேறு, ஆனால் நமக்கு ஒரு கணக்கு கிடைக்கிறது. பத்தரை மணிக்கு நாயை வெளியே கூட்டிப்போய் வேலையை முடிக்கவைத்து, பதினொரு மணிக்குள் வீட்டின் உள் அறையில் விட்டுவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அந்தக் கனத்த சுவருக்குள் பாதிச் சத்தம் அடங்கும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்றால் நாய்க்கு 45,000 வரை கேட்கும், சரவெடி அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை வேகமாகப் போட்டு, ரேடியோவில் ஏதாவது ஓடவிட்டு, நீங்கள் உடுத்திய பழைய துணி ஒன்றைப் படுக்கையாகப் போடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். மாட்டுத் தொழுவத்துப் பக்கம் யாரும் வெடிக்கக்கூடாது என்பதைப் பையன்களிடம் கண்டிப்பாகவே சொல்லுங்கள், வைக்கோல் போர் வேறு இருக்கிறது.

அந்த நேரத்தில் ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும். பூசையை விட்டுவிட்டா என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு இரவு, விடியல், பகல் என்று மூன்று பூசை உண்டு, வீட்டில் இருந்தவர் காலைப் பூசைக்குப் போகலாம். புராட்டஸ்டன்ட் சபையான சிஎஸ்ஐயைச் சேர்ந்த வீடுகளில் பெரும்பாலும் விடியற்காலை ஆராதனை, அங்கேயும் முறை போட்டுக்கொள்ளலாம். முதன்முதலில் என் முறை வந்த வருஷம் எனக்கு மனசே இல்லை. தொழுவத்துப் பக்கம் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன், ஜிம்மி உள்ளே, செவலை அசை போடுகிற சத்தம், தூரத்தில் ஒலிபெருக்கியில் வானவர் கீதம் கேட்டது. இடையர்கள் இரவெல்லாம் கிடையைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று நம் தமிழ் பைபிளில் வருகிறதே, கிடை என்ற சொல்லே நம் பக்கத்தில் ஆடு மேய்க்கிற கீதாரிகளின் சொல். அந்த வசனத்தை அத்தனை வருஷம் கேட்டிருந்தும் அன்றைக்குத்தான் எனக்கு அது உள்ளே இறங்கியது. இப்போதெல்லாம் அந்த முறைக்கு வீட்டில் போட்டி.

25-ஆம் தேதி பந்தி முடிந்ததும் வாழை இலைகளை வாசலில் குவிக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். அதில் எலும்பு, பல்குத்தும் குச்சி, பிளாஸ்டிக் கவர் எல்லாம் கிடக்கும், தெரு நாயும் தெரு மாடும் அதைத்தான் தேடி வரும். எலும்பைத் தனி வாளியில் போட்டுத் தென்னைக்கடியில் ஆழமாகப் புதைத்துவிட்டு, இலையை மட்டும் குப்பைக்குழிக்கு அனுப்புங்கள். மிச்சச் சோற்றையும் பாயசத்தையும் மாட்டுக்கு அண்டா அண்டாவாக ஊற்றுவது புண்ணியம் என்று நினைக்கிறோம். அரிசிச் சோறு அளவுக்கு மிஞ்சிப் போனால் மாட்டின் வயிற்றில் புளித்து அமிலமாகும், இடப்பக்க விலா உப்பும், அசை போடுவதை நிறுத்திவிடும், படுத்தது எழுந்திருக்காது. கைம்மருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. ஆட்டுக்கும் இதே கதைதான். ரெண்டு கை சோறு, மீதிக்கு வைக்கோலும் பசும்புல்லும் அகத்தியும், இதுதான் மாட்டுக்கு விருந்து.

பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் பலகாரத் தட்டு அனுப்பும்போது முட்டையில்லாத கேக்கும் பழமுமாக அனுப்புங்கள். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கழித்து வருகிற பிள்ளையார் நோன்பு சில வருஷம் கிறிஸ்துமஸை ஒட்டியே வந்துவிடும், அவர்கள் விரத நாளில் நம் வீட்டுக் கறி வாசனை போகாமல் பார்த்துக்கொள்வது ஒரு மரியாதை.

பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பரிசாக நாய்க்குட்டி கேட்டால் அன்றைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். கூட்டமும் வெடியும் உள்ள வீட்டுக்குத் தாயைப் பிரிந்த குட்டி வந்தால் அது பயந்தே நோயில் விழும். ஜனவரியில் எல்லாரும் ஊருக்குப் போய் வீடு அடங்கியபின், தெருவிலேயே பிறந்த ஒரு நாட்டுக்குட்டியை, பிறந்து எட்டு வாரமாகித் தாய்ப்பால் மறந்ததைக் கொண்டுவாருங்கள். நம் வெயிலுக்கு அதுதான் தாங்கும்.

26, 27-இல் வேன் பிடித்து ஓரியூருக்கோ இடைக்காட்டூருக்கோ போகிறவர்கள் நிறைய. ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார், சந்நியாசி உடையில் புலால் உண்ணாமல் வாழ்ந்த மனிதர் அவர், அந்தச் செம்மண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்தான். ஆனால் நாயைக் கூட்டிக்கொண்டு போய் வேனில் பூட்டிவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள், டிசம்பரிலும் மூடிய வண்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும். வீட்டில் விட்டு, பக்கத்து வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்குச் சொல்லிவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் திருநாளுக்கு. அன்றாடத்துக்கு எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று உண்டு: சாயங்கால ஜெபம் முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து வாசல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வெயில் ஏறுகிற காலம், அப்போது தெரு நாய்க்கும் காக்காய்க்கும் இன்னொரு தொட்டி சேரும். ஜெபத்தில் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தோபித்து நூலை எடுங்கள். தோபியா இரபேல் தூதரோடு பயணம் கிளம்பும்போது அவருடைய நாயும் பின்னாலேயே போகும், திரும்பி வரும்போதும் கூடவே வரும், அதற்கு வேறு எந்த வேலையும் அந்தக் கதையில் இல்லை, சும்மா கூடப் போய்க் கூட வருகிறது. பிள்ளைகள் அந்த வரிக்காகவே காத்திருப்பார்கள். சிஎஸ்ஐ வீடுகளில் அந்த நூல் பைபிளில் இருக்காது, நீங்கள் யோனாவின் கடைசி வசனத்தை வாசியுங்கள். லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதிகமான மக்களோடு ஏராளமான மிருகங்களும் உள்ள நினிவேக்காக நான் இரங்காமல் இருப்பேனா என்று கடவுள் கேட்கிறார், அந்தக் கேள்வியோடு நூலே முடிந்துவிடுகிறது.

ஜனவரி 6 மூவரசர் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது புல்லையும் வைக்கோலையும் குப்பையில் போடாதீர்கள். மிச்சமிருக்கும் புல்லை வேரோடு ஆட்டுக்குப் போடலாம். வைக்கோலை வெள்ளைத் துணியில் உதறி, மெழுகுத் துளி, காகிதத் துண்டு, குண்டூசி ஏதும் இல்லாமல் பொறுக்கியெடுத்து ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். குண்டூசி போன மாடு பிழைப்பது கஷ்டம், அதனால் பகல் வெளிச்சத்தில் இரண்டு தடவை உதறுங்கள். மாட்டுப் பொங்கலுக்கு அதிகம் நாளில்லை, அதை ஒட்டியே ஜனவரி 17-இல் வனத்து அந்தோனியார் திருநாள், காலடியில் பன்றியோடு நிற்பாரே, அவர்தான் கால்நடைகளுக்குப் பாதுகாவலர். சில பங்குக் கோயில்களில் அன்றைக்கு ஆடுமாடுகளைக் கோயில் வாசலுக்கு ஓட்டிப்போய் மந்திரித்து வருவார்கள். உங்கள் பங்கில் இல்லையென்றால் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள், இல்லை தீர்த்தம் வாங்கிவந்து வீட்டிலேயே தெளியுங்கள். கோயிலுக்குப் போவதானால் நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், கோழியைக் கூடையில் மூடிக்கொள்ளுங்கள், வெயிலுக்கு முன் போய்விடுங்கள், குடிக்க ஒரு வாளித் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மாட்டுப் பொங்கலன்று செவலையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, நெற்றியில் சிலுவை வரைந்து, அந்தச் சாக்கு வைக்கோலை அவிழ்த்து அதன் தொட்டியில் போடுவோம். குழந்தை இயேசுவைப் படுக்கவைத்திருந்த வைக்கோல் என்று பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். செவலை முகத்தை உள்ளே விட்டால் தொட்டி காலியாகும்வரை நிமிராது.